வெட்டி ஒட்டிய வரி

வாய் ஓயாமல் பேசுகிறவள் என்பதால் வீட்டில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். அந்த ரேடியோதான் இன்று ஒரே ஒரு வரியில் மாட்டிக்கொண்டு திருதிருவென்று முழித்தது.

குரல் கொடுப்பது அவள் தொழில். பற்பசை விளம்பரத்திலிருந்து பஸ் அறிவிப்பு வரை பேசியாயிற்று. இப்போது வேதம் முழுவதையும் ஒலிநூலுக்காகப் படிக்கிற வேலை. அம்மா பூரித்துப் போயிருந்தாள். பார்வை மங்கிவிட்ட அம்மாவுக்கு இனி காதுதான் கண்.

'என்னைக் கூப்பிட்டவனை நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.' கடவுள் பேசுவதாக வரும் வரி இவ்வளவுதான். ஒவ்வொரு முறை படித்து முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, மத்ததெல்லாம் அருமை. இது மட்டும் பொய் சொல்ற மாதிரி இருக்கு."

பொய்யாகத்தானே பட்டது அவளுக்கு! இரண்டு வருஷத்துக்கு முன்பு தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவளும் அம்மாவும் கூப்பிட்டது கொஞ்சமா நஞ்சமா? கடைசியில் அவனுடைய செருப்பை ஒரு பையில் போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். வெறுங்கை இல்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

"என்னால முடியல, விட்டுருங்க," என்றாள்.

"சரி விடுங்க. இதுல இருக்கற வார்த்தை எல்லாத்தையும் வேற வேற இடத்துல நல்லாவே படிச்சிருக்கீங்க. அங்கங்க வெட்டி எடுத்து ஒட்டிடறேன்."

ஒட்டியும் விட்டார். வரி அசைக்க முடியாத உறுதியோடு ஒலித்தது. தான் சொல்லாததைத் தன் குரலே சொல்வதைக் கேட்டதும் அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள்.

சாயங்காலம் அம்மாவின் கட்டிலருகே போனை வைத்து அந்த அத்தியாயத்தை ஓடவிட்டாள். இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், துவைத்து மடித்த துணியையே மறுபடி மடித்தாள். பயம்தான். மகன் போனபின் அம்மா பிடித்துக்கொண்டு நிற்பது வேதம் ஒன்றைத்தான். தன் சந்தேகம் அதையும் பிடுங்கிவிட்டால்?

அந்த வரி வந்தது. அம்மா கையை உயர்த்தினாள்.

"கொஞ்சம் பின்னாடி தள்ளு."

மறுபடி ஓடியது.

"இத நீ படிக்கலதானே?"

"என் குரல்தானேம்மா."

"குரல் உன்னோடதுதான். மூச்சே இல்லையேடி."

"வெட்டி ஒட்டினதும்மா. எனக்கு வாய் வரல. தம்பி ஞாபகம் வந்துடுச்சு. மன்னிச்சிரும்மா."

அம்மா திட்டுவாள், அல்லது அழுவாள் என்று நினைத்தாள். அம்மாவோ போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

"அவன் போன நாள்லேருந்து நானும் அந்த வரிய விட்டுட்டுதான் படிச்சிட்டிருந்தேன். கண்ணு நல்லா தெரிஞ்சப்பவே கண்ண மூடிக்கிட்டுத் தாண்டிடுவேன்."

"நீயாம்மா?"

"உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் வாய்க்குள்ளயே முணுமுணுத்தேன். அம்மாவே இப்படின்னா நீ மொத்தமா விட்டுருவியோன்னு பயம்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும். ஒரே வீட்டில், ஒரே வரிக்கு, ஆளுக்கொரு பக்கம் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

"நாளைக்குப் போய் நீயே படி," என்றாள் அம்மா. "திக்கினாலும் பரவால்ல. எனக்கு ஒட்டுப்போட்டது வேணாம்."

"இப்பவே சொல்லிப் பாக்கட்டுமா?"

அம்மா தலையாட்டினாள். அவள் போனை அணைத்துவிட்டுக் கட்டிலில் ஏறி அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"என்னைக் கூப்பிட்டவனை நான்..."

அதற்கு மேல் வரவில்லை. அம்மா முடித்துவைப்பாள் என்று அவள் காத்திருந்தாள். மகள் முடிப்பாள் என்று அம்மா காத்திருந்தாள்.