டோரதியின் பக்கத்துச் சுவிட்ச்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்ததல்ல. மயிலாப்பூர் சந்து ஒன்றில் வாஜித்தின் மெக்கானிக் ஷெட்டில், என் வண்டிக்கு ஆயில் மாற்றக் காத்திருந்தபோது, பக்கத்துக் காரிலிருந்து பொறுக்கியது. காதைப் பொத்திக்கொள்ள நான் என்ன மகானா?

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சாந்தோம் கோவில் மணி ஒலித்தபோது டோரதியின் மனதில்…’ [அடித்துவிட்டேன். மணியெல்லாம் ஒலிக்கவில்லை. பின்னாலிருந்தவர்கள் ஹாரன்தான் அடித்தார்கள்.]

லஸ் சிக்னலில் டோரதியின் கார் கொதித்து நின்றது. இதுதான் நடந்தது. அவள் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், அறுபத்தாறு வயது. கணவர் ஜாஸ்பர் போய்ச் சேர்ந்து ஏழு மாதம். பாலவாக்கத்திலிருக்கும் மகள் டீனா, "இன்னொரு வாட்டி நடுரோட்ல நின்னா வித்துடலாம்மா" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

2

வாஜித் பானெட்டுக்குள் தலையை விட்டு எடுத்தார்.

"ரேடியேட்டர் ஃபேன் தானா சுத்தலம்மா. சூடு பாத்து சொல்ற சென்சார் அவுட்டு. சார் இன்னா பண்ணிக்கிறாரு, பேட்டரிலேர்ந்து நேரா ஒயர் இழுத்து சுச்சு போட்டுக்கிறாரு. அதுவும் லெஃப்ட் சைடுல!"

ஜாஸ்பர் ஓட்டிய காலத்தில் லெஃப்ட் சைடு டோரதியின் இடம். பதினோரு வருடம் ஒவ்வொரு சிக்னலிலும் ஜாஸ்பர், "டோரா, சுச்சு" என்பார். அவள் குனிந்து தட்டுவாள். வண்டி நகர்ந்ததும் அணைப்பாள். அடையாறு பாலத்தில் சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட நாளிலும் அந்த வேலை நிற்கவில்லை.

[கணக்கு டீச்சர் இதைப் போய் மறப்பாளா என்று எனக்கே சந்தேகம். இன்று ஏன் சுவிட்சைத் தட்டவில்லை என்று வாஜித் கேட்டபோது அவள் சொன்ன பதில் இது: "யாரும் சொல்லல. நான் போடல."]

"எஞ்சின் லைட்டு எரிஞ்சிருக்குமே, பாக்கலியா?"

லைட் எரியும் இடத்தில் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர். ஜாஸ்பர் ஒட்டியது. வாஜித் கையைத் துடைத்துக்கொண்டு தயங்கினார். "நா கை வெக்கமாட்டேம்மா. நீங்களே எடுங்க."

டோரதி சிலுவை போட்டுக்கொண்டு நகத்தால் உரித்தாள். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கள்ளன்! தெனம் இதத் தொட்டு முத்தம் குடுத்தேனே!" சிரித்தாள். சிரிப்பு முடியும்போது அழுகையாக இருந்தது.

[நெஞ்சுவலியையும் ஜாஸ்பர் இப்படித்தான் மறைத்து… வேண்டாம். அவள் அப்படி நினைக்கவில்லை. அது என் கைவரிசை.]

3

புது சென்சார் மாட்டி, பழைய ஒயரை வெட்டிவிட்டால் ஃபேன் தானாகச் சுற்றும், விளக்கு அணையும், கார் அவளிடமே தங்கும். சுவிட்சுக்குத்தான் வேலை போய்விடும். இரண்டையும் சேர்த்து வைத்தால் ஃபியூஸ் போய்விடும் என்றார் வாஜித்.

வெட்டினால்: பட்டினப்பாக்கம் சிக்னலில் ஃபேன் தானே சுற்றத் தொடங்குகிறது. அவளை யாரும் கேட்கவில்லை.

வெட்டாவிட்டால்: திருவான்மியூரில் மறுபடி கொதிக்கிறது. டீனா ஜெயிக்கிறாள்.

சுவிட்சை வலதுபக்கம் மாற்றலாமே என்பீர்கள். டயர்மேல் உட்கார்ந்தபடி நானும் அதையே சொல்லித் தொலைத்தேன். "அது அவர் சைடு தம்பி" என்றாள். ஒயரை வெட்டிவிட்டு சுவிட்சை மட்டும் நினைவுக்காக விட்டுவைப்பது எனக்குப் பிடித்த முடிவு. அதற்கும் முறைத்தாள். "வேல இல்லாத சுச்ச தட்டிக்கிட்டிருக்க நான் என்ன கொழந்தையா?"

4

வாஜித் எஞ்சினை ஓடவிடச் சொன்னார். டோரதி ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறாள். அவர் கையில் கட்டிங் பிளையர்.

"வெட்டட்டாம்மா?"

அவள் பதில் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன், எழுதினால் ஒயர் ஒரேயடியாக வெட்டுப்படும், அல்லது கார் போய்விடும். இரண்டுக்கும் எனக்கு மனசில்லை.

சூட்டு முள் ஏறிக்கொண்டிருக்கிறது. இடதுபக்கக் கதவு திறந்தே கிடக்கிறது. வந்து உட்காருங்கள். என்ன செய்ய வேண்டுமென்று அவள் சொல்வாள்.