உயிரோடு இருந்தவனுக்கு ஒரு ஜெபம்

உபதேசியார் லூர்துராஜ், உயிரோடு இருந்த ஆளைச் செத்தவர் வரிசையில் சேர்த்துவிட்டார். அதுவும் யாருக்கும் தெரியாமல் அல்ல. கல்லறைத் திருநாள் அன்று ஊரே கூடி நிற்க, சாமியார் பக்கத்தில் நிற்க, அந்த ஆளும் கையில் மெழுகுவத்தியோடு எதிரிலேயே நிற்க, கணீரென்று பேரைச் சொல்லி, அவர் ஆன்மா இளைப்பாற ஜெபத்தையும் சொல்லி முடித்துவிட்டார்.

கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை அடிவாரத்துக்குப் போகிற வழியில் இருக்கும் ஊர் அது. கிறிஸ்தவக் குடும்பங்கள் அறுபதுக்கு மேல். கல்லறைத் தோட்டம் ஊருக்கு வடக்கே, மரவள்ளிக் கொல்லையை ஒட்டி. கல் வைத்துக் கட்டிய கல்லறைகள் பதினைந்து இருந்தால் ஜாஸ்தி. மற்றதெல்லாம் மண்மேடு. மரச்சிலுவை நட்டால் இரண்டு மழைக்குள் கறையான் தின்றுவிடும். கோயில் புத்தகத்தில் இறந்தவர்களின் பேர் இருக்கிறது, எந்த மேட்டில் யார் என்பது இல்லை. அது லூர்துராஜின் தலைக்குள்தான் இருந்தது. நவம்பர் இரண்டாம் தேதி சாயங்காலம் அவர் முன்னால் நடந்து மேட்டுக்கு மேடு நின்று பேர் சொல்லுவார். சாமியார் தீர்த்தம் தெளிப்பார். அந்தந்தக் குடும்பம் மெழுகுவத்தி ஏற்றும். இருநூற்றுப் பதினாலு மேடு, முப்பத்தொரு வருஷம், ஒரு பேர் தவறியதில்லை. அந்தப் பெருமை அவருக்கு இல்லாமலும் இல்லை. அன்றைக்கு மட்டும் அவர் துண்டை உதறித் தோளில் போடும் அழகே தனி.

இந்த வருஷம் ராஜாங்கத்தின் மேட்டுக்கு வந்து நின்றார். ராஜாங்கம் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். லூர்துராஜுக்கு முகம் வந்தது, காதில் வளர்ந்திருந்த முடி வந்தது, அவர் ஓட்டிய டிராக்டரின் நிறம்கூட வந்தது. பேர் மட்டும் வரவில்லை. வாயைத் திறந்தாகிவிட்டது. சாமியார் தண்ணீரோடு நிற்கிறார். உள்ளே எங்கெங்கோ துழாவிக் கடைசியில் கைக்குக் கிடைத்ததை எடுத்து வெளியே போட்டார். "சின்னக்கண்ணு." அது ராஜாங்கத்தின் தம்பி பேர்.

ஜெபம் முடியும்வரை காத்திருந்து சின்னக்கண்ணு சொன்னார். "யோவ் உபதேசி, நான் இங்கதான்யா கீறேன்."

கல்லறைத் தோட்டமே சிரித்தது. சாமியார் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் நிதானமாக "ராஜாங்கம்" என்று எடுத்துக்கொடுத்தது. லூர்துராஜின் மனைவி பவுலின். அவர் மறுபடி ஜெபத்தைச் சொல்லி அடுத்த மேட்டுக்கு நகர்ந்தார். மிச்சப் பேர்களெல்லாம் சரியாகவே வந்தன.

ஊருக்குக் கேட்க வேண்டுமா, அவல் கிடைத்துவிட்டது. செத்துட்டான் என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் அவனுக்கு ஆயுசு கெட்டி என்பார்கள் அல்லவா? டீக்கடையில் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். "உபதேசியாரே, எனக்கு சுகர் ஜாஸ்தியா கீது, அடுத்த வருசம் என் பேரையும் ஒரு வாட்டி வுடுங்க." சின்னக்கண்ணுவே எல்லோருக்கும் முன்னால் நெஞ்சைத் தட்டி, "நூறு வயசுக்கு கேரண்டி வாங்கிட்டேன்" என்றார். யாருக்கும் கோபமில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று சாமியாரும் சொல்லிவிட்டார்.

லூர்துராஜுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவர் அப்பா அந்தோணிசாமிக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஒரு பசுவை இன்னொரு பசுவின் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு மருமகன் பேர் போயிற்று. பிறகு கச்சிராயபாளையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழி போயிற்று. கடைசியில், ஐம்பது வருஷம் சோறு போட்ட மனைவியைப் பார்த்து "யாரும்மா நீ" என்று கேட்டார். அந்தக் கிழவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதது லூர்துராஜின் காதில் இன்னும் இருக்கிறது. அப்பா அப்படி இருந்த நாலு வருஷமும் லூர்துராஜ் விடியுமுன் கொல்லைக்குப் போய்விடுவார், பொழுது சாய்ந்துதான் திரும்புவார். அப்பாவுக்கு அது தொடங்கியபோது வயது அறுபத்தெட்டு. இவருக்கு இப்போது அறுபத்தேழு.

அன்றிலிருந்து தன்னைத் தானே வேவு பார்க்க ஆரம்பித்தார். கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டே முதல் வரிசை மேடுகளைச் சொல்லிப் பார்ப்பார். மாட்டு டாக்டர் பேர் வராவிட்டால் மம்முட்டியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவார். குடையைக் கடையில் வைத்துவிட்டு வந்ததற்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. போன வருஷமும் குடையை மறந்திருக்கிறார், அதற்கு முந்தின வருஷமும்தான். அதெல்லாம் கணக்கில் வரவில்லை. பயந்தவனுக்கு இருண்டதெல்லாம் பேய்.

கிறிஸ்துமஸுக்குள் சாமியாரிடம் போய் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். அதற்கு முன்னால் இது அப்பாவுக்கு வந்ததுதானா என்று தெரிந்துவிட வேண்டும். வியாழக்கிழமை தோறும் சேலத்திலிருந்து ஒரு மூளை நரம்பு டாக்டர் கள்ளக்குறிச்சிக்கு வந்து போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தார்.

"மோட்டாருக்குக் காயில் கட்டணும். கள்ளக்குறிச்சி வரைக்கும் போய்ட்டு வரேன்" என்றார் பவுலினிடம்.

"சரிங்க" என்றாள் பவுலின். கொல்லைப் பக்கம் கிணற்றில் மோட்டார் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. பொய் சொல்லவும் ஞாபகசக்தி வேண்டும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, விசாரித்துக்கொண்டே சந்துக்குள் போய், அந்தக் கிளினிக்கைக் கண்டுபிடித்தார். டோக்கன் வாங்கித் திரும்பினால், சுவர் ஓரத்து நாற்காலியில் மஃப்ளரைக் காதுவரை சுற்றிக்கொண்டு சின்னக்கண்ணு உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி கொஞ்ச நேரம் இருந்து பார்த்தார்கள். ஆறு நாற்காலி உள்ள அறையில் அது எத்தனை நேரம் நடக்கும்?

"இன்னா மச்சான் இந்தப் பக்கம்?" என்றார் லூர்துராஜ்.

"பல்லு வலி."

"இது மூளை டாக்டருய்யா."

"அப்ப நீ இன்னாத்துக்கு வந்தியாம்?"

லூர்துராஜுக்கும் காயில் கதையைச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே ஒரு பெண் தூங்குகிற பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். சின்னக்கண்ணு மஃப்ளரை அவிழ்த்து மடியில் வைத்து மடித்தார், மறுபடி பிரித்து மடித்தார்.

"மச்சான், ஒண்ணு சொல்றேன், வெளிய வுடாத. அன்னிக்கி நீ என் பேர சொன்னியே, தப்புன்னு எனக்குத் தெரிஞ்சிது. சரியான பேர எடுத்துக் குடுக்கலாம்னு வாயத் தொறந்தேன். வரல. எங்க அண்ணன் பேரு எனக்கு வரல. கூடப் பொறந்தவன்யா. ஒரே தட்டுல துன்னு வளந்தவன். அத மறைக்கத்தான் நான் கீறேன்னு சொல்லி சிரிக்க வெச்சேன். உன் பொண்டாட்டி சொன்னப்புறந்தான் எனக்கே உயிர் வந்திச்சி."

லூர்துராஜ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதமாக டீக்கடையில் நெஞ்சைத் தட்டிய மனுஷன் இவர்தானா என்றிருந்தது. தான் மட்டும்தான் அந்த இருட்டில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். ஆள் இருப்பது தெரிந்ததும் பாதிப் பயம் போய்விட்டது. சின்னக்கண்ணுவின் கையைப் பிடித்து அழுத்தினார். உடனே விட்டுவிட்டார், கூச்சமாக இருந்தது.

முதலில் சின்னக்கண்ணு உள்ளே போய் அரைமணி நேரம் கழித்து வந்தார். "தலையில ஒண்ணும் இல்லியாம்யா. காதுதானாம். சரியாக் கேக்காததுனால மூளை கேக்கறதுக்கே பாதி பலத்த செலவு பண்ணுதாம். மெஷின் மாட்டச் சொல்லுது அந்த டாக்டர் பொண்ணு." தலையில் ஒன்றுமில்லை என்று அவர் அத்தனை சத்தமாகச் சொன்னதில், தூங்கின பிள்ளை விழித்துக்கொண்டது.

டாக்டர் பேர் சுபஸ்ரீ. லூர்துராஜின் மகள் வயதுகூட இருக்காது. மூன்று வார்த்தைகளைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னாள்: சாவி, வாழைப்பழம், குதிரை. தேதி கேட்டாள், சரியாகச் சொன்னார். நாம் எந்த மாடியில் இருக்கிறோம் என்று கேட்டாள். "மாடியே கிடையாதும்மா, ஓட்டுக் கட்டடம்" என்றார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள், கழித்தார். கடிகாரம் வரைந்தார். பிறகு அந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டாள். சாவி வந்தது, குதிரை வந்தது. நடுவில் ஒன்று வரவில்லை. அவருக்கு வேர்த்துவிட்டது.

"பரவால்ல, விடுங்க" என்றாள் சுபஸ்ரீ. "எதுக்கு பயந்து வந்தீங்க, அதச் சொல்லுங்க."

அவர் கல்லறை விஷயத்தைச் சொன்னார், அப்பாவைப் பற்றியும் சொன்னார். அவள் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, அந்தத் தோட்டத்தை வரைந்து காட்டச் சொன்னாள். லூர்துராஜ் வாசல் வேப்பமரத்தில் தொடங்கினார். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பிறந்து மூன்றாம் நாள் போன குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய மூலை. பேர் சொல்லிக்கொண்டே போனார். இரண்டு தாள் முடிந்து மூன்றாவது தாள் கேட்டார். மூன்று இடத்தில் தடுக்கியது. அதில் ஒன்று, நாலு மேடு தாண்டிப் போன பிறகு தானாக வந்து நின்றது. நர்ஸ் கதவைத் திறந்து அடுத்த ஆள் காத்திருப்பதாகச் சொன்னாள். டாக்டர் கையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டாள்.

"ஐயா, எங்க வீட்டு ஆளுங்க நம்பரே எனக்கு போனைப் பார்த்தாத்தான் தெரியும்" என்றாள். "வயசாக ஆக மூளை கொஞ்சம் நிதானமாயிடும். அதுல முதல்ல தடுக்கறது பேருதான். ஒரு ஆளோட முகம், தொழில், கொணம் இதுக்கெல்லாம் போய்ச் சேர நூறு வழி இருக்கு. பேருக்கு ஒரே வழி. அவசரப்பட்டா பக்கத்து வீட்டுக் கதவு தொறந்துக்கும். அண்ணனத் தேடினா தம்பி வருவாரு. மம்முட்டிய எங்க வெச்சோம்னு தேடினா அது வயசு. மம்முட்டிய கையில வெச்சிக்கிட்டு இது எதுக்குன்னு கேட்டாத்தான் வியாதி."

"அப்ப எங்க அப்பாவுக்கு வந்தது?"

"இன்னிக்கு உங்களுக்கு அது இல்ல. இனிமே வரவே வராதுன்னு நான் எழுதித் தர முடியாது, யாராலயும் முடியாது. வருஷத்துக்கு ஒருதரம் வாங்க, பார்த்துக்கலாம். ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

மூக்கடைப்புக்கு என்று இரண்டு வருஷமாக மெடிக்கலில் கேட்டு வாங்கி ராத்திரியில் போடும் மஞ்சள் மாத்திரையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். போட்டால் நல்ல தூக்கம் வரும் என்றார். அவள் அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு மேஜையில் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். இந்த வயதில் இது ஞாபகத்தை மந்தமாக்கும், உங்கள் தலையில் ராத்திரிக்கு ராத்திரி போர்வை போட்டு மூடியிருக்கிறீர்கள் என்றாள். ஆவி பிடியுங்கள், நிறைய நடங்கள், நாலு பேரோடு பேசுங்கள் என்றாள். பேர் சொல்கிற வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று இரண்டு தரம் சொன்னாள்.

கதவுவரை போய்த் திரும்பி, "வாழைப்பழம்" என்றார் லூர்துராஜ். டாக்டர் சிரித்துவிட்டாள்.

பஸ்ஸில் இரண்டு கிழவர்களும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். சின்னக்கண்ணு காதில் விழாமல் இன்னா இன்னா என்று கேட்டுக்கொண்டே வந்தார், லூர்துராஜ் சலிக்காமல் இரண்டிரண்டு தரம் சொன்னார். மலை மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் பவுலின் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அடுப்புக்குப் பக்கத்திலேயே மணையைப் போட்டு உட்கார்ந்தார்.

"காயில் கட்டியாச்சுங்களா?" என்று கேட்டாள்.

கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான், இவர் புளுகு எட்டு மணி நேரம் தாங்கியதே பெரிது. எல்லாவற்றையும் சொன்னார். கிளினிக், கடிகாரம், மாத்திரை. சின்னக்கண்ணு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை, அது வாக்கு. பவுலின் தோசைக் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வர்ற வருசம் யாரு பேரு சொல்றது?"

"நான்தான். தடுக்கினா எடுத்துக் குடு. நீ இனிமே பின்னால நிக்க வேணாம், என் பக்கத்துல நில்லு."

"அப்புறம் இன்னா, மொகம் ஏன் இன்னும் இப்டி கீது?"

சொல்லலாமா வேண்டாமா என்று தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொல்லிவிட்டார். "இன்னிக்கி இல்லன்னுதான் டாக்டர் சொல்லிச்சி. நாளைக்கி அப்பா மாதிரி வந்திச்சின்னா, உன்னப் பாத்து யாருன்னு கேட்டுட்டேன்னா? எங்க அம்மா அழுத அழுகைய நீயும் அழுவணுமா? எனக்கு அதான் பயம், பவுலினு. கல்லறைப் பேரு போனா போவுது."

பவுலின் தோசையைத் திருப்பிப் போட்டாள். கொஞ்ச நேரம் அதன் ஓரத்தையே கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தைதான் அழுதாங்க. நான் அழுவல. நீங்க வெடியறதுக்குள்ள கொல்லைக்கி ஓடிப்பூடுவீங்க. மாமா எழுந்ததும் என்னப் பாத்து யாரும்மான்னு கேப்பாரு. நான் பவுலின், உங்க மருமவள்னு சொல்லுவேன். நல்ல பேருன்னு சொல்லிட்டு காப்பி வாங்கிக் குடிப்பாரு. நாலு வருசம், தெனமும் காலைல. ஒரு நாளும் பேரு நல்லா இல்லன்னு சொன்னதில்ல. உங்க அப்பாவுக்கே சொன்னவ, உங்களுக்குச் சொல்ல மாட்டனா? நீங்க பாட்டுக்குக் கேளுங்க. எத்தினி வாட்டி கேட்டாலும் சொல்றேன்."

லூர்துராஜ் ஓடிப்போன நாலு வருஷமும் இந்த வீட்டில் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்தில், அப்பாவுக்குத் தினமும் தோன்றியது தனக்கு ஒருநாளும் சொல்லத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரும்மா நீ?" என்றார்.

பவுலின் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "பவுலின்" என்றாள்.

"நல்ல பேரு."

"தெரியும்" என்று சொல்லி அவர் தட்டில் தோசையைப் போட்டாள்.