நாகுமின் நம்பர்

ஃபிரேடலிடம் ஒரு விஷயம் சொன்னால் தண்டோரா போட்ட மாதிரி என்று புரூக்ளினில் என்னைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். நான் கல்யாணத் தரகு பார்க்காவிட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்னும் அம்மா கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

என் சிநேகிதி ஷைண்டியின் மகன் நாகுமுக்கு ரைஸல் என்ற பெண்ணைப் பேசினேன். எங்கள் யூதர்களில் பையனும் பெண்ணும் சந்திப்பதற்கு முன்னாலேயே நம்பர் பார்த்துவிட வேண்டும். பள்ளியிலேயே ரத்தம் எடுத்து, பேர் போடாமல் நம்பர் அட்டை கொடுப்பார்கள். இரண்டு நம்பரையும் பிறந்த தேதியையும் பரிசோதனை நிலையத்துக்குப் போனில் சொன்னால், ஒத்துவரும், ஒத்துவராது என்று மட்டும் பதில் வரும். இருவரிடமும் ஒரே குறை இருந்தால்தான் ஒத்துவராது; மற்றபடி குறை யாரிடம் என்று யாருக்கும் தெரியாது.

நரம்புச் செல்லில் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த ஒரு பொருள் உண்டு. அது இல்லாமல் மூளை இல்லை. ஆனால் பழசைக் கரைக்க ஒரு நொதி வேண்டும். தாய் தகப்பன் இருவரிடமும் அந்தக் குறை ஒளிந்திருந்தால், நாலில் ஒரு பிள்ளைக்கு நொதி இல்லாமல் போகலாம். கொழுப்பு சேர்ந்து சேர்ந்து, சிரித்த பிள்ளை துவண்டு, கண் தெரியாமல் போய்ச் சேரும்.

ஷைண்டி பார்த்திருப்பாள் என்று நான், நான் பார்த்திருப்பேன் என்று அவள். அதற்குள் நாகுமும் ரைஸலும் ஐந்து தடவை ஹோட்டல் லாபியில் சந்தித்துச் சோடா குடித்தாகிவிட்டது. ரைஸல் சம்மதம் சொன்ன அன்றுதான் ஷைண்டியிடம் நம்பரைக் கேட்டுப் போன் போட்டேன். ஒத்துவராது என்றார்கள். ரைஸல் அழுத அழுகையைப் பார்த்து, நம்பரை இன்னொரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

நேரே ஷைண்டி வீட்டுக்குப் போய் அட்டையை வாங்கிப் பார்த்தேன். பின்பக்கம் பென்சிலில் 'ஃபைவல்'. நாகுமோடு இரட்டையாய்ப் பிறந்தவன்.

"ஒம்பது பெத்தவளுக்கு ஒரு அட்டையைப் பாத்து எடுக்கத் தெரியலையா?"

"ரெண்டும் ஒரே நாள்ல பொறந்தா நான் என்னடி பண்ண?"

சரியான நம்பரைச் சொன்னோம். ஒத்துவரும் என்றார்கள். ஓட்டமாய் ஓடி ரைஸலிடம் சொன்னேன். வாய் சும்மா இருக்குமா? ஃபைவலின் அட்டை என்பதையும் உளறித் தொலைத்தேன்.

சிரித்தவள் நிறுத்திவிட்டாள். கணக்கில் புலி அவள்.

"அத்தை, அப்போ ஃபைவல்கிட்ட இருக்கு. எங்கிட்டயும் இருக்கு."

"நாகும்கிட்ட இல்லையே. உன் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் வராது."

"தெரிஞ்சா அவங்க வீட்ல என்னை வேண்டாம்னுடுவாங்களா?"

நான் செய்த வினை. நானே தீர்க்க வேண்டும்.

"எங்கிட்டயும் இருக்குடி. மான்ட்ரியல்ல இருந்தப்போ எனக்கு ஒரு மகன் இருந்தான், யோஸல்னு. அதே நோயில மூணு வயசுல போயிட்டான். அப்போ இந்த அட்டையெல்லாம் கிடையாது. என்னை யாரு வேண்டாம்னுட்டா?"

புரூக்ளினில் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. ரைஸல் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"யோஸல் எப்படி இருப்பான் அத்தை?"

எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.