ஒருநாள் ஆறு

அழகு நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தங்கை உள்ளே வந்தாள். தோள்பையில் அவளுடைய முதல் கவிதைத் தொகுப்பு, அச்சுக்குப் போகுமுன் கடைசியாகப் பார்க்கும் தாள்களாக இருந்தது. சாபம் வாங்கியவர்கள், மரமாகிப் போனவர்கள், மீண்டும் பெண்ணாக மாட்டேன் என்று அடம்பிடித்தவர்கள் எனப் புராணப் பெண்களின் ஒரு கூட்டமே அதில் குடியிருந்தது. அவர்கள் யாரிடமும் அவள் அனுமதி கேட்டதில்லை. ஒருத்தியிடம் மட்டும் கேட்டாக வேண்டும். அந்த ஒருத்தி, அவளுடைய அக்கா, இந்தக் கடையின் முதலாளி.

"வாங்க கவிஞரே! தலையைப் பாரு, குருவி கூடு கட்டிட்டுக் காலி பண்ணிப் போன மாதிரி. இந்த மூஞ்சியையா அட்டையில போடப் போறாங்க?"

நாற்காலியில் தலைச்சாயத்தோடு உட்கார்ந்திருந்த வங்கி மேலாளர் சிரித்தார். மாதம் தவறாமல் வருகிற பெண்மணி.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்க்கா. சாயங்காலம் அச்சுக்குப் போகுது."

"கேளு. கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கு."

தங்கை, கேட்பதற்குப் பதில் ஒரு தாளை உருவி நீட்டினாள்.

அக்காவுக்குப் பிறந்த பெண் குழந்தை ஒரே ஒரு நாள்தான் உயிரோடு இருந்தது. அதன்பின் வீட்டில் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டதுபோல வாயை மூடிக்கொண்டார்கள். அக்கா ஊர் மாறினாள், கடை போட்டாள். நாற்காலியில் உட்காருகிறவர்களின் மாமியார் கதை முதல் மகனின் மதிப்பெண் வரை கேட்டுத் தலையாட்டினாள். தன் கதையை மட்டும் அவிழ்க்கவே இல்லை. தங்கைக்கு நிலத்தடி நீர்மட்டம் அளக்கும் வேலை. ஒருநாள் கிணற்றுக்குள் அளவு நாடாவை இறக்கிக்கொண்டிருந்தபோது, மணலில் மறைந்த தண்ணீர் எங்கேயோ இருந்துகொண்டுதான் இருக்கிறது என்று தோன்றியது. அங்கேயே நின்று எழுதினாள். தொகுப்பிலேயே நல்ல கவிதை அதுதான் என்று பதிப்பாளரும் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று அக்கா சொன்னால் எடுத்துவிடலாம் என்ற முடிவோடுதான் புறப்பட்டாள். வழியெல்லாம் அந்த முடிவு மனசுக்குள் முரண்டு பிடித்துக்கொண்டே வந்தது.

அக்கா கையுறையைக் கழற்றிவிட்டுத் தாளை வாங்கினாள். அவளுக்கு எதையும் வாய்விட்டுத்தான் படிக்க வரும்.

"ஒருநாள் மட்டும் ஓடிற்று அந்த ஆறு.
வரைபடத்தில் அதற்குக் கோடில்லை.
மணலுக்குள் அது இறங்கிய பின்னும்
மலைக்கு மட்டும்
மார் கனத்துக்கொண்டே இருந்தது.
யாரும் பார்க்காத நேரத்தில்
மலை அழுதது."

தங்கை தரையில் கிடந்த முடிக்கற்றைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மலை அழுதுச்சா? நீ பாத்தியா?"

"இல்லக்கா. நினைச்சுக்கிட்டேன்."

"நல்லா நினைச்சே போ. பால் கட்டி உயிர் போகுது, வர்றவங்க எல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொல்றாங்க. ஒருத்தி, 'விடும்மா, அடுத்தது நல்லபடியாப் பொறக்கும்'ங்கிறா. மலை என்ன செஞ்சுச்சு தெரியுமா? ஆப்பிள் தட்டைத் தூக்கி வீசுச்சு. குறி தப்பி உங்க மாமா நெத்தியில பட்டுச்சு."

"கதவுல இடிச்சுக்கிட்டேன்னாரே மாமா!"

"பின்னே, மலை எறிஞ்சுச்சுன்னா சொல்லுவாரு?"

தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமும் அக்கா மூலையில் உட்கார்ந்து விசும்புகிறாள் என்று எண்ணிப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. பரிதாபம்தான் எவ்வளவு சோம்பேறியாக எழுதிவிடுகிறது!

"எடுத்துடட்டுமாக்கா?"

"எதுக்கு எடுக்கணும்? அவ வந்துட்டுப் போனதுக்கு வேற எங்கயாவது ஒரு வரி இருக்கா? இருக்கட்டும். அழுதுச்சுன்னு மட்டும் போடாத."

தங்கை நின்ற நிலையிலேயே கடைசி வரிகளை அடித்துவிட்டு எழுதினாள். பதிப்பாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அக்காவுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"'ஆறுதல் சொல்ல வந்தவர்கள்மேல் மலை கல் எறிந்தது.' இப்படி முடியணும் சார்."

"இப்ப வந்து மாத்தச் சொல்றீங்களேம்மா! அந்த அழுகைதானே கவிதைக்கே உயிர்? யார் சொன்னது மாத்தச் சொல்லி?"

அக்கா தொலைபேசிப் பக்கம் குனிந்தாள்.

"மலைதான் சார் பேசுறேன். மாத்திடுங்க."

எதிர்முனையிலிருந்து "சரிங்கம்மா" என்று வந்த குரல் மிகவும் பணிந்திருந்தது.

கண்ணாடிக்குள்ளிருந்து வங்கி மேலாளர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றியில் சாயம் வழிந்திருந்தது. அக்கா பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை. பஞ்சை நனைத்து அந்த நெற்றியை நிதானமாகத் துடைத்தாள்.

"புத்தகம் வந்ததும் உங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்கிறேன் மேடம். என் தங்கச்சி எழுதினது," என்றவள், பஞ்சைக் கீழே வைத்துவிட்டுத் தெளிவாகச் சொன்னாள்: "அதுல என் பொண்ணு இருக்கா."