மூன்றாவது அளவு

அவள் அப்பாவின் இடது கையைத் தன் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் சூடேற மறுத்தன. ஆள்காட்டி விரலில் மாட்டியிருந்த, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் கிளிப் எழுபத்தெட்டு என்று காட்டியது.

"கை சில்லுன்னு இருக்கு. அதான் கம்மியா காட்டுது," என்றாள், யாரும் கேட்காமலே.

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அத்தை நிமிரவில்லை. "நேத்தும் இதையேதான் சொன்னே."

கட்டிலை ஒட்டி ஆக்சிஜன் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அதை வாடகைக்கு எடுத்துவந்த நாளிலிருந்து அது அவள் பொறுப்பு. பாலிடெக்னிக்கில் அவள் படிப்பது இன்ஸ்ட்ருமென்டேஷன். அழுத்தம், வெப்பம், ஓட்டம் என்று கண்ணுக்குத் தெரியாதவற்றை அளக்கும் கருவிகளைப் பற்றிய படிப்பு. அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டவர்களிடமெல்லாம் "மீட்டர் பாக்கப் போறா" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அப்பா அவளுக்கே மீட்டர் என்று பெயர் வைத்துவிட்டார். பேக்கரி அடுப்பின் முன்னால் ஆயுளைக் கழித்தவர். மாவுத்தூள் நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, "அப்ப உள்ளே ரொட்டி வெந்துட்டிருக்கும்" என்று சிரித்தவர்.

போன வாரம்வரை பேசினார். அவள் கிளிப்பைக் கையில் எடுத்தாலே, மெஷினைக் கண்ணால் காட்டி, "என்ன மீட்டர், டப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்பார். பிறகு பேச்சு நின்றுபோனது. இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னதன் அர்த்தத்தை அவளும் அண்ணனும் அத்தையும் தனித்தனியாகப் புரிந்துகொண்டு, தனித்தனியாகவே வைத்திருந்தார்கள்.

அண்ணன் வாசலில் வந்து நின்றான். கையில் வண்டிச் சாவி.

"மீட்டர், எவ்வளவு?"

அவள் கிளிப்பைக் கழற்றி நடுவிரலில் மாட்டினாள். எண் தடுமாறியது. காணாமல் போயிற்று. பிறகு சட்டென்று ஏறி நின்றது.

"தொண்ணூத்தொண்ணு."

அண்ணனின் தோள்கள் இறங்கின. "முதலாளி காலையிலேர்ந்து போன்ல கத்திட்டிருக்கான். ரொட்டி வேன் எடுக்க ஆளே இல்லையாம். கடைங்களுக்கு ஒரு ரவுண்டு போட்டுட்டு சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன்." ஆனால் நகரவில்லை. "அம்மா போனப்ப நான் ரோட்டுல இருந்தேன்."

"தெரியும்ண்ணா."

"அதான் கேக்குறேன். உனக்குத்தான் இதெல்லாம் புரியும். உண்மையைச் சொல்லு. நான் போலாமா?"

அவள் மறுபடியும் எண்ணைப் பார்த்தாள். தொண்ணூற்றொன்று. அது அண்ணனுக்கு மட்டும் தேவைப்பட்ட எண் அல்ல. மறுநாள் அவளுக்குச் செய்முறைத் தேர்வு. போகாவிட்டால் ஒரு வருஷம் வீணாகும். அத்தை பார்த்துக்கொள்வாள், காலையில் ஓடிப்போய் எழுதிவிட்டு மதியம் திரும்பிவிடலாம் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று ஏற்கெனவே பையைக் கட்டி வைத்திருந்தது.

"போயிட்டு வா," என்றாள்.

அவன் அப்பாவின் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனான்.

ஆய்வகத்தில் எதையும் ஒருமுறை அளந்து முடிவு சொல்ல மாட்டார்கள். மூன்று முறை எடுப்பார்கள். ஒத்துப்போகாததைத் தள்ளிவிடுவார்கள். முதல் வருஷத்திலேயே கைக்குப் பழகிவிடுகிற வேலை அது. அவள் கையும் தானாகவே கிளிப்பைக் கழற்றி மோதிர விரலில் மாட்டியது.

எழுபத்தொன்பது.

வெளியே வேன் பின்னோக்கி எடுக்கும் சத்தம் கேட்டது. தெரு குறுகல், யாரோ இரண்டு சக்கர வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருக்க வேண்டும். அண்ணன் ஹாரன் அடித்தான். ஜன்னலுக்குப் போய் ஒரு குரல் கொடுத்தால் போதும். அவள் எழுந்து நின்றாள். பிறகு குனிந்து கிளிப்பை வலது கைக்கு மாற்றினாள். அந்த எண் வருவதற்குள் ஹாரன் நின்று, எஞ்சின் சத்தம் தெருமுனை வரை போய்த் தேய்ந்தது.

எழுபத்தேழு.

போனை எடுத்தாள். வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டான் என்று வைத்துவிட்டாள். மெஷினின் வடிகட்டியைக் கழற்றி உதறி மாட்டினாள். குழாயில் மடிப்பு இருக்கிறதா என்று மூக்கிலிருந்து மெஷின்வரை விரலால் தடவிக்கொண்டே போனாள். மடிப்பு இல்லை. பிளக்கைப் பிடுங்கி வேறு சுவரில் செருகினாள். அது ஆடுகிறது என்று ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்தாள்.

"ஏன்டி, வீட்டுல இருக்கிற ஸ்க்ரூவையெல்லாம் இன்னைக்கே முடுக்கிடுவியா?" என்றாள் அத்தை. "இப்படி வந்து உக்காரு. கையைப் பிடிச்சுக்க."

"இதோ அத்தை. இது மட்டும்."

"அது ஓடிட்டுதான்டி இருக்கு."

அவள் போய் மெஷினின் ஓட்ட அளவைக் கொஞ்சம் கூட்டினாள். கண்ணாடிக் குழலுக்குள் சிறு குண்டு மேலே ஏறி மிதந்தது. அது கோட்டுக்கு நேராக நிற்கிறதா என்று கண்ணைச் சமமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் அத்தையின் குரல் கேட்டது.

"டேய் தம்பி. டேய்."

அவள் திரும்பினாள். அத்தை அப்பாவின் தாடையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். கிளிப்பின் திரையில் இரண்டு சிறிய கோடுகள் மட்டும் இருந்தன.

அண்ணன் வந்தபோது முன்னறையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் யாரையும் பார்க்காமல் நேராக உள்ளே வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். சட்டையில் ரொட்டி வாசனை. அத்தை எழுந்து வெளியே போனாள்.

"எப்போ?"

"நீ போய் ஒரு மணி நேரம்கூட ஆகலை."

அவன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"நீ கேக்குறதுக்கு முன்னாடியே எழுபத்தெட்டு காட்டுச்சு," என்றாள். "நீ போனதும் பாத்தேன், எழுபத்தொம்போது. உன் வண்டி தெருவுலதான் நின்னுட்டிருந்துச்சு. நான் கூப்பிடலை."

அவன் அவளைப் பார்த்தான். அவள் அந்தப் பார்வைக்குள் எதையோ தேடினாள். அங்கே படிக்கக்கூடியதாக எதுவும் இல்லை. வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை எட்டிப் பார்த்தாள். "முன்னறைக்குக் கொண்டு வந்துடலாமா? எல்லாரும் நிக்கிறாங்க."

அண்ணன் எழுந்து, அப்பாவுக்கு அடியிலிருந்த விரிப்பின் தலைமாட்டு முனைகளைக் கையில் சுற்றிக்கொண்டான். பக்கத்து வீட்டுத் தையல்காரர் சட்டைக் கையை மடித்தபடி உள்ளே வந்தார். "தள்ளும்மா, நான் பிடிக்கிறேன்."

"வேணாம்," என்றான் அண்ணன். "அவ பிடிப்பா."

அவள் கால்மாட்டு முனைகளை எடுத்தாள். இருவரும் தூக்கினார்கள். கதவு ஒருவர் போகிற அகலம்தான். அவள்தான் பின்னோக்கி நடக்க வேண்டும்.

"மெதுவா," என்றான். "இடது பக்கம் வா. இன்னும் கொஞ்சம். நில்லு, படி இருக்கு."

அவள் நின்றாள்.

"இப்ப காலை இறக்கு."

அவள் திரும்பிப் பார்க்காமல், குதிகாலைப் பின்னால் கீழே இறக்கினாள்.