எந்தச் சேர்வரில் வைப்பது

திலக்சனுக்கு அன்று காலை கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. உட்காருவான், எழும்புவான், சன்னலடிக்குப் போய்த் துறைமுகத்தைப் பார்ப்பான், பிறகு எதையோ மறந்துவிட்டவன்போல ஓடிவந்து கொம்பியூட்டர் திரையைத் திறப்பான். இன்னும் கொஞ்ச நேரத்தில் மனேஜர் இராசதுரை கூப்பிட்டு, எந்தச் சேர்வர் என்று கேட்பார். இவன் ஒரு சொல்லில் பதில் சொல்லவேண்டும். அந்த ஒரு சொல்லைத்தான் அவனால் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

அவன் கொம்பியூட்டர் பொறுப்பாளனாக வேலை செய்த கம்பனி, கப்பலில் வரும் கோதுமையை இறக்கி லொறிகளில் ஏற்றி அனுப்புவது. எந்த லொறிக்கு எவ்வளவு என்ற கணக்கு முழுவதும் ஒரு மெயின்பிரேம் கொம்பியூட்டருக்குள் இருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் அதைப் பெரியவர் என்றுதான் மரியாதையாகச் சொல்வார்கள். மூன்று மாதமாகப் பெரியவர் களைத்துப்போயிருந்தார். ஒரு லொறிக்கு அனுமதிச்சீட்டு வருவதற்குள் சாரதி ஒரு தேத்தண்ணி குடித்து முடித்துவிடுவான். வரிசை பிரதான வீதிவரை நீண்டது. சாரதிகள் ஏசுவதெல்லாம் வாசல் கேற்றில் சீட்டுக் கொடுக்கும் அசனா அக்காவைத்தான்.

தொடக்கத்திலேயே காரணம் என்ன என்று இராசதுரை கேட்டபோது திலக்சன் யோசிக்கவே இல்லை. அசனா வேலை இல்லாத நேரத்திலும் திரையைத் திறந்தபடி விடுகிறார், அது பெரியவரை இழுக்கிறது என்று சொல்லிவிட்டான். அது அசனாவின் காதுக்கும் போனது. யாரையாவது சொல்லவேண்டியிருந்தது, அசனா கண்ணில் பட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கெட்ட எண்ணம் இல்லாமலே மனிதர் செய்கிற அநியாயம் கொஞ்சநஞ்சமா? இப்போது அசனாவைத் தூரத்துக் கந்தளாய்க் களஞ்சியத்துக்கு மாற்றும் கடிதம் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. அவர் பக்கத்துக் கிண்ணியாவிலிருந்து வருகிறவர். வீட்டில் மூச்சிழுப்புக்காரப் பிள்ளை ஒன்று. கந்தளாய்க்குப் போனால் இருட்டுப்பட்ட பிறகுதான் அந்தப் பிள்ளையைக் காணலாம்.

இதற்கிடையில்தான் பெரியவரை இரவு பகலாகக் கவனிக்கும் ஒரு மென்பொருள் வாங்கும் பேச்சு வந்தது. யார் எவ்வளவு வேலை கொடுக்கிறார்கள் என்று அது ஆள் ஆளாகக் காட்டும். விற்கிற கம்பனியின் அப்ராஸ் கொழும்பிலிருந்து வந்து இரண்டு வழி சொன்னான். மென்பொருளோடு சேர்த்து, அது ஓடும் அவர்களுடைய சேர்வர் கொம்பியூட்டரையே வாங்கிக்கொள்ளலாம். அது பூட்டித்தான் வரும், உள்ளே யாரும் கை வைக்க ஏலாது. அல்லது இங்கே ஏற்கெனவே திலக்சனின் பொறுப்பில் இருக்கும் சேர்வரில் ஏற்றிக்கொள்ளலாம், அப்போது சாவி திலக்சனின் கையில். பரீட்சித்துப் பார்க்க இங்குள்ள சேர்வரிலேயே அதை ஏற்றிவிட்டுப் போனான்.

நேற்றுப் பின்னேரம் திலக்சன் அதைத் திறந்து பார்த்தான். பெரியவரைப் பிடுங்கித் தின்பவர்களின் வரிசையில் அசனாவின் கேற்று எங்கோ அடியில் கிடந்தது. உச்சியில் இருந்தது அவனுடைய சேர்வர்.

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. இராசதுரை அடிக்கடி போன் எடுத்து, வரிசையில் எத்தனை லொறி என்று கேட்பார். தெரியாது என்று சொல்வது திலக்சனுக்குச் சாவுக்குச் சமம். அதனால் மூன்று மாதத்துக்கு முன் அந்தச் சேர்வரில் ஒரு புரோகிராம் எழுதி, அவருடைய சுவரில் பெரிய டிவியில் அந்த எண்ணிக்கையை ஓடவிட்டிருந்தான். எல்லோரும் மெச்சினார்கள். அந்தப் புரோகிராம்தான் மூச்சு விடாமல் பெரியவரைக் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்ப எத்தனை? இப்ப எத்தனை? அவனைப்போலவே அதற்கும் பொறுமை இல்லை.

இருக்கிற சேர்வர் என்று சொன்னால் போதும். சாவி கையில் இருப்பதால், மென்பொருளில் ஒரு இடத்தில் சரி அடையாளம் போட்டால் அவனுடைய புரோகிராம் அந்த வரிசையில் தெரியவே தெரியாது. அசனா போன பிறகு அதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடலாம். பெரியவர் துள்ளி ஓடுவார், திலக்சன் சொன்னது சரிதான் என்பார்கள், அவனுக்கு நல்ல பெயர்கூடக் கிடைக்கும். இந்த இலேசுதான் அவனைப் பயப்படுத்தியது. வெட்கத்தில் காது சுட்டது.

மேலே இருந்து அழைப்பு வந்தது. போனான்.

இராசதுரை முடிவை முன்னமே எடுத்திருந்தார். "அவையின்ர சேர்வர் எங்களுக்கு என்னத்துக்கு? எங்கட சேர்வர் சும்மாதானே கிடக்கு."

மேசையில் அசனாவின் கடிதம். பேனா பக்கத்தில்.

"எங்கட சேர்வர் சும்மா கிடக்கேல்ல சேர்," என்றான் திலக்சன். "அதுதான் பெரியவரைப் போட்டு அரிக்குது. அந்த டிவிக்கு நான் எழுதினது. அசனா அக்காவில பிழை இல்லை. நான் பாக்காமச் சொன்னனான். அவையின்ர பூட்டின சேர்வரையே எடுங்கோ சேர். என்ர கையில சாவி இருக்கக்கூடாது."

இராசதுரை சுவரைப் பார்த்தார். டிவியில் எண் ஒன்று கூடியது. அதை நிறுத்தச் சொன்னார். கடிதத்தை நாலாகக் கிழித்துவிட்டு, இவனுடைய விசயத்தைப் பிறகு பார்ப்போம் என்றார். அந்தக் குரலில் இரக்கம் இல்லை.

புரோகிராமை நிறுத்திவிட்டுத் திலக்சன் நேரே கேற்றுக்கு நடந்தான். அசனாவின் சின்ன அறைக்குள் சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழ, அவர் அச்சு யந்திரத்தை நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார். திலக்சன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான், மன்னிப்பும் கேட்டான். அவர் கோபிப்பார், அழுவார் என்று நினைத்தான். இரண்டும் நடக்கவில்லை.

"மூணு மாசமா தண்ணி குடிக்க எழும்பினாலும் ஸ்கிரீன மூடிட்டுத்தான் எழும்பினனான்," என்றார் அசனா. "என்னாலதான் எண்டு நானே நம்பிட்டன்."

லொறி இலக்கம் கூப்பிடும் மைக்கை அசனா மேசையில் திலக்சன் பக்கமாகத் தள்ளிவைத்தார். "எனக்கு ஏசினது ஊரறிய. நீங்க சொல்றதும் ஊரறியச் சொல்லுங்க."

திலக்சன் மைக்கை எடுத்தான். ஒலிபெருக்கி கரகரத்தது. வீதியோரம் நின்ற சாரதிகள் எல்லோரும் அடுத்த இலக்கத்துக்காகத் தலையை நிமிர்த்தினார்கள். அவன் தன் பெயரைச் சொன்னான்.