ஒன்பதாவது தட்டு

தினேஷ்வரன் மூன்றாவது முறையாகக் கைத்தொலைபேசியைத் தூக்கியபோது, இந்திராதேவிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“வச்சிடுங்க. நேத்துதான் தட்டு மாத்தி நிச்சயம் பண்ணோம். இன்னிக்குத் தட்டத் திருப்பிக் கேட்டா, கல்யாணம் வேணாம்னு சொல்றதாத்தான் நெனப்பாங்க.”

“அது தட்டு இல்ல, இந்திரா. லாலிக் கண்ணாடி. பிரான்ஸ்ல நூறு வருசத்துக்கு முந்தி செஞ்சது.”

“பலகாரம் வச்சாச்சு, தட்டுதான்லா!”

கிளேபாங்கில் இருந்த அந்த வீட்டில் பிரெஞ்சுக் கண்ணாடி இல்லாத இடம் குளியலறை மட்டும்தான். இருபது வருடமாக அவர் வாங்கிச் சேர்த்த பூச்சாடிகளும் கிண்ணங்களும் கூடத்து அலமாரியை நிரப்பிவிட்டுச் சமையலறையிலும் குடியேறியிருந்தன. அவளுடைய சீர்த்தட்டுகள் ஸ்டோரில் எந்தப் பெட்டிக்கு அடியில் கிடந்தனவோ! மகள் திவ்யதர்ஷினியின் நிச்சயத்தன்று, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் பதில் வரிசைக்கு எட்டுத் தட்டுகள்தான் அகப்பட்டன. ஒற்றைப்படையாக வேண்டுமே! அலமாரியைத் திறந்து, கைக்கு வந்ததை எடுத்து, அதிரசத்தை அடுக்கிவிட்டாள். மீன்கள் நீந்தும் அந்தக் கண்ணாடித் தட்டு மாப்பிள்ளை வீட்டாரோடு செர்காமுக்குப் போய்விட்டது.

“செதில் இடுக்குல நீலச் சாயம் ஏத்தியிருக்கும். அதுதான் அதுக்கு உயிர். அழுத்தித் தேச்சா போயிடும். நானே பிரஷ்ஷாலதான் தூசி தட்டுவேன்.”

மகள் புகுந்த வீடு போகப்போவதை நினைத்துக்கூட இந்த மனிதர் இவ்வளவு கலங்கவில்லை.

“அப்பா, ப்ளீஸ்லா, போன் மட்டும் போட்டுடாதீங்க” என்று திவ்யாவும் கெஞ்சினாள். அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்திராதேவியும் இரண்டு நாள் பாத்திரங்களை ‘டங்’கென்று வைத்தாள்.

மூன்றாம் நாள் சம்பந்தியம்மா ராஜம்மாவே வந்து இறங்கினார். ஒன்பது தட்டிலும் முறுக்கு. வந்த தட்டை வெறுமனே திருப்புகிற வழக்கம் இல்லையே.

“அண்ணே, இந்தக் கண்ணாடித் தட்டுல ஒரே நீலக் கறை! புளி போட்டு, சோப்பு போட்டு, நாரால தேச்சேன். மூணு வாட்டி. பாருங்க, இப்ப எப்படி இருக்கு!”

மீன்கள் பளிச்சென்று, துளி நீலம் இல்லாமல் வெளுத்துக் கிடந்தன.

திவ்யா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தினேஷ்வரன் தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். பார்த்தார்.

“எங்க வீட்டுல இப்படி வெளக்க யாருக்கும் தெரியாது, சம்பந்தியம்மா” என்றார்.

ராஜம்மா முகமெல்லாம் சிரிப்பாகக் கிளம்பினார். கார் திரும்பியதும் தினேஷ்வரன் தட்டைச் சமையல் மேடையில் கொண்டுவந்து வைத்தார்.

“இனிமே ஒன்னோடது. பலகாரம் வச்சுக்கோ.”

அவளுக்குக் கண் கரித்தது. இவரைப் போய் இரண்டு நாளாக என்ன பேச்சுப் பேசிவிட்டோம்! உருகிப்போய் முறுக்கைக் கொட்டிவைக்க டப்பா தேடி அலமாரியைத் திறந்தாள். உள்ளே ஏழு பூச்சாடிகள்.

“இந்தச் சாடியெல்லாம் எங்கங்க எடுத்து வைக்கிறது?”

“அதுங்க மேல மட்டும் கை வச்சிடாத, இந்திரா.”